பாங்காக்குக்குத் தரைவழியா, கடல்வழியா? முத்தரப்பு நெடுஞ்சாலையும் மற்ற வழிகளும்

"இன்னும் இரண்டே வருஷம், காரிலேயே பாங்காக் போகலாம்" என்ற செய்தி நம் கைபேசிகளில் சுற்றத் தொடங்கி எத்தனையோ வருஷம் ஆகிறது. இந்தியா, மியான்மர், தாய்லாந்து மூன்றையும் இணைக்கும் நெடுஞ்சாலை பற்றி அமைச்சர்கள் யாங்கூனில் கூடிப் பேசியது 2002 ஏப்ரலில். மணிப்பூரின் மோரேயில் தொடங்கி, தாய்லாந்தின் மே சோட் வரை ஏறக்குறைய 1,360 கிலோமீட்டர். 2023 ஜூலையில் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, வேலை 70 சதவீதம் முடிந்துவிட்டது என்றார். அதே மாதம் பாங்காக்கில் பேசிய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், மியான்மர் நிலவரத்தால் இது மிகவும் கடினமான திட்டமாகிவிட்டது என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். மீதி 30 சதவீதம் எங்கே கிடக்கிறது என்பதைப் பார்த்தால் அது புரியும்.

இந்தியாவுக்குக் கிழக்கே போக வேறு வழிகளும் இருக்கின்றன. கொல்கத்தாவிலிருந்து மியான்மரின் சிட்வே துறைமுகம் போய், அங்கிருந்து ஆற்றிலும் சாலையிலுமாக மிசோரமுக்குள் நுழையும் கலாடான் திட்டம் ஒன்று. சென்னை போன்ற கிழக்குக் கரைத் துறைமுகங்களிலிருந்து தாய்லாந்துக்கு நேராகக் கப்பல் விடுவது இன்னொன்று. அரசின் கையில் இருக்கும் பணமும் கவனமும் அளவானவை. எதற்கு எவ்வளவு கொடுப்பது? மூன்றையும் ஒரே தராசில் போட்டு, 'எது பாங்காக்கை முதலில் தொடும்' என்று எடைபோடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. எனக்கு அந்தத் தராசிலேயே நம்பிக்கை இல்லை.

முதலில் தூரக் கணக்கு. சென்னையில் ஒரு லாரியில் சரக்கை ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொல்கத்தா, சிலிகுரி, குவஹாத்தி, இம்பால் என்று போய் மோரே சேரவே சுமார் 3,300 கிலோமீட்டர். அங்கிருந்து மே சோட் 1,360. மே சோட்டிலிருந்து பாங்காக் இன்னும் 500. ஆக மொத்தம் 5,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். வரைபடத்தை எடுத்துச் சென்னையிலிருந்து கிழக்கே கோடு போட்டால், தாய்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் ரணோங் துறைமுகம் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டரில் வந்துவிடும். நடுவில் வங்காள விரிகுடாவும் அந்தமானும்தான். தமிழ்நாட்டு ஏற்றுமதியாளருக்கு இந்த நெடுஞ்சாலை தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

சரி, தாய்லாந்தை விடுங்கள், பக்கத்திலேயே இருக்கும் மியான்மரோடு நடக்கும் வியாபாரமாவது தரைவழியாக நடக்கிறதா? நம் வீட்டு இட்லி மாவுக்கே வருவோம். இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பங்கு பர்மா உளுந்து. 2021இல் இரண்டு அரசுகளும் போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி, வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் ஐந்து வருஷத்துக்கு வாங்குவதாக ஏற்பாடு. அந்த உளுந்து யாங்கூனில் கப்பலேறிச் சென்னையில் வந்து இறங்குகிறது. தானியச் சந்தையில் பர்மா உளுந்துக்கு விலை சொல்லும்போது சென்னை விலை என்றே சொல்கிறார்கள். எல்லையில் 1,643 கிலோமீட்டர் ஒட்டிக்கொண்டிருக்கும் நாட்டிலிருந்து வரும் பருப்பு கடலில் வருகிறதென்றால், சாலை எதற்கு லாயக்கு, கப்பல் எதற்கு லாயக்கு என்பதைச் சந்தை ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது. கனமான, மலிவான, மொத்தச் சரக்குக்குக் கப்பலை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அப்படியானால் நெடுஞ்சாலை வீண் வேலையா? குவஹாத்தியில் நின்றுகொண்டு பார்த்தால் கணக்கு வேறு மாதிரி. அங்கிருந்து மோரே 600 கிலோமீட்டர் சொச்சம். கடல் வேண்டுமென்றால் சிலிகுரி வழியாக 1,000 கிலோமீட்டர் இறங்கிக் கொல்கத்தாவுக்கு வர வேண்டும். சிலிகுரி இடைவழி, அதன் குறுகலான இடத்தில் 20 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் அகலம்தான். எட்டு வடகிழக்கு மாநிலங்களுக்கும் நாட்டின் மற்ற பகுதிகளோடு தரைவழித் தொடர்பு அது ஒன்றே. இம்பாலில் இருக்கும் வியாபாரிக்கு மாண்டலே சந்தை கொல்கத்தாவைவிடக் கிட்டே. ஆக, இது வடகிழக்கின் சாலை. அதை நம் எல்லோருடைய சாலையாகவும் சொல்லி விற்றதில்தான் குழப்பமே ஆரம்பித்தது.

இனி சாலையைத் துண்டு துண்டாகப் பார்க்கலாம். ஒட்டுமொத்தச் சதவீதம் எதையும் சொல்லாது.

முதல் துண்டு இந்திய மண்ணிலேயே இருக்கிறது: இம்பாலிலிருந்து மோரே வரை சுமார் 110 கிலோமீட்டர். பள்ளத்தாக்கில் நேராக ஓடி, பல்லேல் தாண்டியதும் தெங்னௌபால் மலையில் ஏறி இறங்கும். டோக்கியோவிலிருந்து துருக்கி எல்லை வரை வரைந்து வைத்திருக்கும் ஆசிய நெடுஞ்சாலை எண் 1இல் இதுவும் ஒரு பகுதி. சாலையை அகலப்படுத்தும் வேலை ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் நடக்கிறது. ஆனால் 2023 மே 3இல் மணிப்பூரில் கலவரம் வெடித்த பிறகு தார் போட்டு என்ன பயன் என்ற நிலை. பள்ளத்தாக்கில் மெய்தேய் மக்கள், மலையில் குக்கி மக்கள். கலவரத்துக்குப் பின் ஒருவர் பகுதிக்குள் இன்னொருவர் போக முடியவில்லை. 2025 பிப்ரவரியில் மணிப்பூரில் குடியரசுத் தலைவர் ஆட்சியே வந்தது. மியான்மர் உள்நாட்டுப் போரைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இந்த நெடுஞ்சாலை முதலில் அறுபட்டுக் கிடந்தது இம்பாலுக்கும் மோரேக்கும் நடுவில் என்பதைச் சொல்லத்தான் ஆளில்லை.

மோரேயைப் பற்றி நமக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, கடை கண்ணிகளை எல்லாம் அரசுடைமையாக்கியபோது பர்மாவை விட்டு வந்த தமிழர்களில் சிலர், திரும்பவும் பர்மாவுக்கே போய்விடலாம் என்று இந்த எல்லை வரை வந்தார்கள். உள்ளே விடவில்லை. அப்படியே தங்கிவிட்டார்கள். அங்காள பரமேஸ்வரி கோயில், தமிழ்ச் சங்கம், இட்லி தோசைக் கடை என்று ஒரு சின்னத் தமிழ் ஊர் அங்கே உருவானது. 1995 ஏப்ரலில் எல்லை வர்த்தகம் முறைப்படி தொடங்கியபோது அந்த வியாபாரத்தில் அவர்களுக்கும் நல்ல பங்கு இருந்தது. இரண்டாம் நம்பர் கேட்டைத் தாண்டினால் பர்மா பக்கத்து நாம்ப்ஹாலாங் சந்தை: கம்பளி, செருப்பு, சீனத்துச் சாமான், பாக்கு. காலையில் போய் வாங்கிக்கொண்டு மாலைக்குள் திரும்பும் கைச்சுமை வியாபாரம் அது. 2019 ஜனவரியில் பிரதமர் திறந்துவைத்த ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி, குளிர்பதனக் கிடங்கு வரை வசதியோடு கட்டப்பட்டது. அடுத்த வருஷமே கொரோனா, அதற்கடுத்த பிப்ரவரியில் மியான்மரில் ராணுவப் புரட்சி, அப்புறம் மணிப்பூர் கலவரம். சாவடி கட்டியதோடு சரி.

இரண்டாம் துண்டு, மோரேக்கு எதிரே பர்மா பக்கம் இருக்கும் தமுவிலிருந்து கலேவா வரை. இங்கே இந்தியாவின் எல்லைச் சாலைகள் அமைப்பு 160 கிலோமீட்டர் 'நட்புச் சாலை'யைப் போட்டு 2001 பிப்ரவரியில் திறந்தது. கபாவ் பள்ளத்தாக்கு என்று பெயர். 1942இல் ஜப்பான் படை வந்தபோது பர்மாவிலிருந்து நடந்தே தப்பித்து வந்த இந்தியர்களில் ஏராளமானவர்கள் தமு வழியாகத்தான் வந்தார்கள். சாலையைப் போட்டாயிற்று, பாலங்களை மாற்றவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஒற்றை வழி இரும்புப் பாலங்கள் அப்படியே நின்றன. ஒரு பக்கம் வண்டி வந்தால் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். கன்டெய்னர் லாரியை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அப்படி 69 பாலங்கள். அவற்றை இரட்டை வழியாக மாற்றிக் கட்டும் பொறுப்பு இந்தியாவுடையது. ஒப்பந்தம், ரத்து, வழக்கு என்று ஆண்டுகள் ஓடின. புரட்சிக்கு முன்னால் நிம்மதியாக வேலை செய்யக் கிடைத்த காலத்தை இப்படித்தான் தொலைத்தோம். மொத்தத் திட்டத்திலும் எனக்கு ஆறாத இடம் இதுதான்.

மூன்றாவது, கலேவாவிலிருந்து யார்ஜி வரை 120 கிலோமீட்டர் மலைப்பாதை. இதையும் இந்தியாதான் போடுகிறது. வேலை 2018இல் தொடங்கியது. இது சகாய்ங் பிராந்தியம். ராணுவ ஆட்சியை எதிர்க்கும் மக்கள் பாதுகாப்புப் படைகள் வலுவாக இருக்கும் இடம். அங்கே ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று போக எத்தனை பேரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மீதி 30 சதவீதம் என்று கட்கரி சொன்னதில் கனமான பகுதி இங்கேதான் கிடக்கிறது.

அதற்கப்பால் மொன்யுவா, மாண்டலே, நேப்பிடோ, பாகோ என்று ஓரளவுக்கு நல்ல சாலை ஏற்கெனவே உண்டு. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் சகாய்ங் அருகே ஐராவதி மேல் நின்ற பழைய ஆவா பாலம் இடிந்து விழுந்தது. பக்கத்திலிருந்த புதுப் பாலம் தப்பியதால் போக்குவரத்து பிழைத்தது. கடைசித் துண்டு தாவ்னா மலைத்தொடர். காவ்கரேக்கிலிருந்து மியாவடி போகும் பழைய பாதை எவ்வளவு குறுகல் என்றால், ஒரு நாள் மேலே போகும் வண்டிகள், மறுநாள் கீழே வரும் வண்டிகள் என்று முறை வைத்து விட்டார்கள். 2015இல் தாய்லாந்து உதவியோடு புதுச் சாலை வந்தபின்தான் அந்த முறை ஒழிந்தது. மே சோட்டுக்கும் மியாவடிக்கும் நடுவில் மோய் ஆற்றின் மேல் 1997இலேயே ஒரு பாலம். 2019இல் சரக்குக்கென்று இரண்டாவது பாலம். தாய்லாந்து தன் பங்கைக் காலத்தில் முடித்தது. ஆனால் மியாவடியைச் சுற்றி யார் ஆட்சி என்பது மாதத்துக்கு மாதம் மாறுகிறது. 2024 ஏப்ரலில் ராணுவத்தை எதிர்க்கும் கரேன் இனப் படையினர் அங்கிருந்த ராணுவ முகாமைப் பிடித்தார்கள், பிறகு கைநழுவியது. இணைய மோசடிக் கும்பல்களின் வளாகங்களும் அந்த ஆற்றங்கரையில்தான். 2025 மார்ச்சில் அங்கிருந்து மீட்கப்பட்ட 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப் படை மே சோட் வழியாகக் கொண்டுவந்தது. வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்களும் அந்த வளாகங்களில் சிக்கியிருந்தார்கள்.

இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. இந்தியாவிலும் தாய்லாந்திலும் வண்டி இடப்பக்கம் ஓடும். மியான்மரில் 1970 முதல் வலப்பக்கம். ஆக இந்தச் சாலையில் ஒரு டிரைவர் தமுவில் ஒரு தடவை, மே சோட்டில் ஒரு தடவை பக்கம் மாற வேண்டும். இது சமாளிக்கக்கூடியதுதான். சமாளிக்க முடியாதது காகிதம். மூன்று நாட்டு வண்டிகளும் ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்று போக வழிசெய்யும் மோட்டார் வாகன ஒப்பந்தம் பேச்சளவிலேயே நிற்கிறது. அது இல்லாமல் நாலுவழிச் சாலையே போட்டாலும், ஒவ்வொரு எல்லையிலும் சரக்கை இறக்கி வேறு லாரியில் ஏற்ற வேண்டும்.

இப்போது கலாடான். 2008 ஏப்ரலில் கையெழுத்தானது. கொல்கத்தாவிலிருந்து சிட்வே வரை கடலில் 539 கிலோமீட்டர், சிட்வேயிலிருந்து பலேட்வா வரை கலாடான் ஆற்றில் 158, பலேட்வாவிலிருந்து மிசோரம் எல்லையான சோரின்புய் வரை சாலையில் 109. இதன் நோக்கம் தாய்லாந்து போவதே இல்லை. சிலிகுரி இடைவழியை நம்பாமல் மிசோரமுக்குச் சரக்கு கொண்டுபோக ஒரு மாற்று, அவ்வளவுதான். முதலில் போட்ட மதிப்பு 536 கோடி ரூபாய். 2015இலேயே 2,904 கோடிக்கு ஏற்றினார்கள். கடல் பாகமும் ஆற்றுப் பாகமும் ஓரளவு தேறின. 2023 மே மாதம் 20,000 மூட்டை சிமென்ட்டோடு கொல்கத்தாவிலிருந்து முதல் கப்பல் சிட்வே போய்ச் சேர்ந்தது. மாட்டிக்கொண்டது அந்த 109 கிலோமீட்டர்தான்.

கலாடானின் பலவீனம் ஏற்றி இறக்குவதில் இருக்கிறது. கொல்கத்தாவில் கப்பலில் ஏற்று, சிட்வேயில் சின்னப் படகுக்கு மாற்று, பலேட்வாவில் லாரிக்கு மாற்று. ஒவ்வொரு மாற்றத்திலும் கூலி, தாமதம், சேதாரம். அமைதிக் காலத்தில்கூட இது சிலிகுரி வழியை விலையில் தோற்கடிக்கும் என்று நான் நம்பவில்லை. காப்பீடு மாதிரி: பிரச்சினை வந்தால் உதவும், வராத வருஷங்களில் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

ஆனால் இன்றைய அரசியல் கணக்கில் கலாடானுக்கு ஒரு சாதகம் உண்டு. 2024 ஜனவரியில் பலேட்வா, ராணுவத்தோடு போரிடும் ஆயுதக் குழுவான அராக்கன் ஆர்மியின் கைக்குப் போனது. அதற்குப்பின் ராக்கைன் மாநிலத்தின் பெரும்பகுதியையும் அவர்கள் பிடித்துவிட்டார்கள். சிட்வே உள்ளிட்ட சில இடங்கள் மட்டும் ராணுவத்திடம். கேட்டவுடன் இது இன்னும் மோசம் என்றுதான் தோன்றும். ஆனால் நெடுஞ்சாலையில் 1,360 கிலோமீட்டருக்குள் எத்தனை குழுக்கள் என்று எண்ண முடியாது. இங்கே ஆற்றுக்கும் சாலைக்கும் சேர்த்துப் பேச வேண்டிய தரப்பு இரண்டே இரண்டு. மிசோரமின் மாநிலங்களவை உறுப்பினர் வன்லால்வேனா 2024 பிப்ரவரியில் எல்லை தாண்டிப் போய் அராக்கன் ஆர்மியினரைச் சந்தித்தே வந்துவிட்டார். இந்தப் பக்கத்திலும் நிலைமை மாறியிருக்கிறது: 2025 செப்டம்பரில் ஐஸ்வாலுக்குப் பக்கத்தில் சாய்ராங் வரை ரயில் வந்துவிட்டது. இது இரண்டு பக்கமும் வெட்டும். சோரின்புய்யில் இறங்கும் சரக்கு ரயிலைத் தொட முடியும் என்பது ஒன்று. ரயிலே வந்தபிறகு மிசோரமுக்குக் கலாடான் எதற்கு என்று நிதித்துறையில் யாராவது கேட்பார்கள் என்பது இன்னொன்று.

கடல்வழியில் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் அது ஏற்கெனவே ஓடுகிறது. தாய்லாந்துச் சரக்கு சிங்கப்பூரைச் சுற்றி லேம் சபாங் துறைமுகத்துக்குப் போகிறது. அந்தச் சுற்றைத் தவிர்க்க ரணோங்குக்கு நேரே கப்பல் விடலாம் என்று 2019 நவம்பரில் தாய்லாந்துத் துறைமுக ஆணையம், சென்னை உள்ளிட்ட மூன்று இந்தியத் துறைமுகங்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. ரணோங் சின்னத் துறைமுகம், ரயில் கிடையாது, தாய்லாந்தின் தொழிற்சாலைகள் எல்லாம் எதிர்க்கரையில், லேம் சபாங்கைச் சுற்றி. ரணோங்கையும் எதிர்க்கரையில் இருக்கும் சும்போனையும் சாலை, ரயிலால் இணைக்கும் 'தரைப்பாலம்' திட்டத்தைத் தாய்லாந்து கட்டி முடித்தால் கதை மாறும். அது வருமா என்பதைத் தாய்லாந்து தீர்மானிக்கட்டும். அதற்கு நம் பணம் தேவைப்படாது.

வங்கதேசம் வழியாகப் போகலாமே என்று கேட்பவர்களும் உண்டு. 2020 டிசம்பரில் வங்கதேசமே முத்தரப்பு நெடுஞ்சாலையில் சேர விருப்பம் தெரிவித்தது. டாக்காவோடு உறவு இப்போது இருக்கும் நிலையில் அதை வைத்துத் திட்டம் போடுவது அவசரம்.

முடிவுக்கு வருவோம். சென்னை, தூத்துக்குடி ஏற்றுமதியாளர் என்றால் யோசிக்கவே வேண்டாம், கப்பல்தான். நெடுஞ்சாலைச் செய்தியைப் படித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். காரில் போக ஆசைப்படுபவர் இன்றைக்கு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். சகாய்ங்கிலும் மியாவடியிலும் நடப்பது சுற்றுலாப் பயணிக்குரிய சாகசம் இல்லை.

அரசுக்குத்தான் உண்மையான தேர்வு. எனக்கு விட்டால் இப்படிச் செய்வேன்: மே சோட் என்ற பேச்சையே சில வருஷங்களுக்கு எடுக்க மாட்டேன். இம்பாலிலிருந்து கலேவா வரை ஒரு சாலை, அது மட்டும்தான் திட்டம் என்று சுருக்கிக்கொள்வேன். முதல் செலவு, தமு–கலேவா பாலங்களுக்கு; எல்லையை ஒட்டிய பகுதி என்பதால் நிலைமை சற்றுத் தணிந்தாலே தொடரக்கூடிய வேலை அது. கலேவா–யார்ஜி மலைப்பாதையில் இப்போதைக்குப் பணம் போடுவது கிணற்றில் கல்லைப் போடுவதுதான். கலாடானில் மீதமிருக்கும் சாலையை முடிப்பேன், இவ்வளவு செலவழித்த பிறகு விடுவது அபத்தம் என்பதற்காக அல்ல, பேச வேண்டிய தரப்பு குறைவு என்பதற்காக. ஆனால் ஆற்றுப் போக்குவரத்தைப் பெரிதாக்கப் புதுப்பணம் தர மாட்டேன்.

இதற்கெல்லாம் முன்னால், டெல்லியிலேயே உட்கார்ந்து செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. எல்லையின் இருபுறமும் 16 கிலோமீட்டர் வரை விசா இல்லாமல் போய்வரும் பழைய ஏற்பாட்டை ரத்து செய்வதாக அரசு 2024 பிப்ரவரியில் அறிவித்தது. பிறகு 10 கிலோமீட்டர், அனுமதிச் சீட்டு என்று மாற்றியது. வேலி போடும் வேலையும் நடக்கிறது. ஒரு பக்கம் வேலி, இன்னொரு பக்கம் அதே இடத்தில் சர்வதேச நெடுஞ்சாலை. பாதுகாப்புக் காரணம் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் மோரே கேட்டில் யாரை, எந்தச் சரக்கை, எந்தக் காகிதத்தோடு விடுவது என்பதை உள்துறையும் வெளியுறவுத் துறையும் உட்கார்ந்து ஒரு முடிவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பாலங்களுக்கு டெண்டர் விட வேண்டும்.